நிலவரப் பக்கம்: சிவப்புக்கு மாற்றும் உரிமை யாரிடம்?

கேள்வி: 2026 ஜனவரி 9, காலை

நாங்கள் ஆறு பேர் கொண்ட குழு. சிறு நிறுவனங்கள் ரசீது போடவும் கணக்கு வைக்கவும் பயன்படுத்தும் இணையச் சேவை ஒன்றை நடத்துகிறோம். சேவை தடைப்படும் நாட்களில் மின்னஞ்சலும் தொலைபேசியும் ஓய்வதில்லை. பதில் சொல்வதற்கே இரண்டு பேர் போய்விடுகிறார்கள். சேவை சீராக இருந்தால் பச்சை, முடங்கினால் சிவப்பு என்று எல்லோருக்கும் காட்டும் ஒரு நிலவரப் பக்கத்தைப் பொதுவில் வைப்போம் என்கிறேன் நான். "நம் குறையை நாமே பலகையில் எழுதி மாட்டுவதா? போட்டியாளர்கள் படம் பிடித்துக் காட்டுவார்கள்" என்கிறார் ஒருவர். கண்காணிப்பு மென்பொருளோடு இணைத்துவிட்டால் பக்கம் தானாகவே நிறம் மாறிக்கொள்ளும், மனிதர் கை வைக்கவே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், எங்கிருந்து தொடங்குவது?

பதில்: ஜனவரி 9, மாலை

குறையை மறைக்கலாம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். ரசீது போட முடியாமல் ஒருவர் தவிக்கும்போதே சேவை படுத்துவிட்டது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அது உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அந்த ஐயத்தைத் தீர்க்கத்தான் இந்தப் பக்கம்.

வருகிறவர் மனத்தில் இருப்பவை இவ்வளவே: கோளாறு என் பக்கமா, உங்கள் பக்கமா? எது எது வேலை செய்யவில்லை? நான் உள்ளிட்டது பத்திரமாக இருக்கிறதா? காத்திருக்கவா, வேறு வழி பார்க்கவா? இவற்றுக்கு விடை தராத எதற்கும் அங்கே இடம் கொடுக்காதீர்கள். விளம்பர வாசகம், சுழலும் படம், புதிய வசதிகளின் அறிவிப்பு எதுவும் வேண்டாம்.

பத்திரமாக இருக்கிறதா என்ற கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கணக்குச் சேவை நடத்தும் உங்களுக்கு அதுவே முதல் கேள்வி. பொத்தானை அழுத்தினார், திரை அப்படியே நின்றுவிட்டது. ரசீது பதிவானதா இல்லையா? தெரியாதவர் மறுபடி அழுத்துவார். சேவை எழுந்து நிற்கும்போது ஒரே ரசீது இரண்டு முறை பதிவாகியிருக்கும். "மீண்டும் முயல வேண்டாம், அனுப்பியவை வரிசையில் பத்திரமாக உள்ளன" என்று ஒரு வரி இருந்தால் அந்தக் குழப்பம் நேராது. உண்மையிலேயே பத்திரமாக இருந்தால் மட்டும் அதை எழுதுங்கள்.

தொடங்க வேண்டிய இடத்தைக் கேட்டீர்கள். உங்கள் சேவை ஓடும் சர்வரில் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது. அமேசானுக்கே இது நேர்ந்திருக்கிறது. 2017 பிப்ரவரி 28 அன்று, கட்டணக் கணக்கீட்டு அமைப்பின் மந்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஒரு கட்டளையில் தவறான மதிப்பு உள்ளிடப்பட்டது. நீக்க நினைத்ததைவிட மிக அதிகமான சர்வர்கள் நீக்கப்பட்டு, எஸ்3 சேமிப்புச் சேவை வடக்கு வர்ஜீனியா வட்டாரத்தில் முடங்கியது. அவர்களுடைய நிலவரப் பலகையை இயக்கும் கருவியும் அதே எஸ்3-ஐ நம்பியிருந்தது. அங்குள்ள நேரப்படி காலை 9:37-க்குத் தொடங்கிய முடக்கத்தை, 11:37 வரை அந்தப் பலகையில் சேவை வாரியாகப் பதிய முடியவில்லை. அதுவரை ட்விட்டரிலும் பலகையின் மேல்பட்டை எழுத்திலும்தான் செய்தி சொன்னார்கள்.

ஜனவரி 9, இரவு

ஒரு சேர்க்கை. சர்வரை மாற்றினால் போதாது, டொமைன் பெயரையும் பிரித்துவிடுங்கள். உங்கள் முதன்மைப் பெயரின் கீழ் ஒரு துணைப்பெயராக வைத்தால், டிஎன்எஸ் (பெயரை இணைய முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு) கெடும்போது இரண்டும் சேர்ந்தே காணாமல் போகும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில், பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையால் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பே துண்டிக்கப்பட்டது. டிஎன்எஸ் சர்வர்கள் தாங்கள் இருக்கும் வழியை இணையத்துக்கு அறிவிப்பதை நிறுத்திக்கொண்டன. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் மணிக்கணக்கில் மறைந்தன. பழுது பார்க்க வேண்டிய உள்கருவிகளும் கூடவே போயின.

இன்னொன்றையும் சரிபாருங்கள். அறிவிப்பை ஏற்றுவதற்கு எந்தக் கணக்கில் நுழைகிறீர்கள்? அலுவலகத்தின் பொது உள்நுழைவு வழியாகத்தான் என்றால், அந்த உள்நுழைவு படுத்த நாளில் பக்கம் உயிரோடு இருந்தும் அதில் எழுத முடியாது. தனிக் கடவுச்சொல், தனி இரண்டாம் சரிபார்ப்பு, குறைந்தது இரண்டு பேரின் கையில்.

ஜனவரி 11

தானியங்கி பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் பக்கம் முழுக்கத் தானியங்கி. நிமிடத்துக்கு ஒரு முறை முகப்புப் பக்கத்தை அழைத்துப் பார்க்கும் நிரல். 200 என்ற விடை (எல்லாம் சரி என்று சர்வர் தரும் குறி) வந்தால் பச்சை. ஒரு நாள் பணம் செலுத்தும் பகுதி அடியோடு நின்றுவிட்டது. முகப்புப் பக்கமோ தற்காலிகச் சேமிப்பிலிருந்து அழகாக வந்துகொண்டிருந்தது, அதனால் 200, அதனால் பச்சை. பிற்பகல் முழுவதும் எங்கள் ஆதரவுக் குழுவுக்கு ஒரே படம் வந்துகொண்டிருந்தது: இடப்பக்கம் பிழைச் செய்தி, வலப்பக்கம் "அனைத்தும் சீராக இயங்குகின்றன". தொலைபேசியை எடுத்தவர்கள் அன்று வாங்கிய ஏச்சில் பாதி முடக்கத்துக்கானது, பாதி அந்தப் பச்சைக்கானது. பிறகு பல வாரங்களுக்கு, பச்சை என்று நாங்கள் சொன்னதை வாடிக்கையாளர்கள் நம்பவில்லை. சின்னச் சந்தேகத்துக்கும் அழைத்துக் கேட்டார்கள். அழைப்புகளைக் குறைக்க வைத்த பக்கத்தால் அழைப்புகள் கூடின.

ஆகவே தானியங்கி வைப்பதென்றால், பயனர் செய்வதையே அதுவும் செய்யட்டும்: உள்நுழையட்டும், ஒரு சோதனை ரசீது போடட்டும், அதைத் திரும்ப எடுத்துப் பார்க்கட்டும். உங்கள் வலையமைப்புக்கு வெளியே, வேறு வேறு இடங்களிலிருந்து செய்யட்டும். உள்ளிருந்து பார்க்கும் நிரலுக்கு வாசல் அடைபட்டிருப்பது தெரியாது.

அப்படியே செய்தாலும் நிரலுக்கு எண் மட்டுமே தெரியும். எட்டு விநாடி ஆகும் ஓர் அறிக்கை ஒருவருக்குத் தொல்லை. கடைசி நாளில் வரி தாக்கல் செய்ய உட்கார்ந்திருப்பவருக்கு அது முடக்கமேதான். இந்த வேறுபாட்டை அறிந்து எழுத மனிதர் வேண்டும். எச்சரிக்கையை நிரல் எழுப்பட்டும். வாசகத்தை மனிதர் எழுதட்டும்.

ஜனவரி 12, காலை

இப்போது தலைப்பில் நிற்கும் விஷயம். ஒரு நிலவரப் பக்கம் உருப்படுவதும் வீணாவதும் இதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். எந்த மென்பொருள், எத்தனை பகுதிகள், என்ன வண்ணம் என்பதெல்லாம் இதற்குப் பிறகு.

பச்சையை விட்டு மாற்றும் உரிமை யாரிடம் இருக்கிறது?

நான் பார்த்த இன்னொரு நிறுவனத்தில் அந்த வரிசை இப்படி இருந்தது. இரவுப் பணியில் இருக்கும் பொறியாளர் கோளாறைக் கண்டுபிடிப்பார். மேலாளரை எழுப்புவார். மேலாளர் பிரிவுத் தலைவரைக் கேட்பார். அவர் மக்கள் தொடர்புக்கு அனுப்புவார். அங்கிருந்து சட்டப் பிரிவு. ஒவ்வொரு கையிலும் ஒரு சொல் உதிரும். "உள்நுழைய முடியவில்லை" என்று புறப்பட்ட வாக்கியம், "சில பயனர்கள் சிறு தாமதத்தை உணரக்கூடும்" என்று வந்து சேரும். அது வந்து சேரும்போது பெரும்பாலும் கோளாறு சரியாகியிருக்கும். உடனே, "முடிந்துபோனதை எதற்காகப் போட வேண்டும்?" என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு எல்லோரும் தலையசைப்பார்கள். பக்கம் பச்சையாகவே இருந்துவிடும். ஆண்டு முடிவில் அந்தப் பச்சைக் கோடுகளைக் காட்டி விற்பனைப் பிரிவு பேசும். உள்ளே இருந்த எங்களுக்கு அது வெட்கமாக இருந்தது.

அங்கே இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. சிவப்பைப் போட்டவரைத்தான் மறுநாள் கூட்டத்தில் கேள்வி கேட்டார்கள். போடாதவரை யாரும் கேட்கவில்லை. அப்படியொரு ஏற்பாடு இருக்கும் இடத்தில் யார் கைதான் பொத்தானுக்குப் போகும்?

ஆகவே இதை எழுத்தில் வைத்துவிடுங்கள்: பணிமுறையில் இருக்கும் பொறியாளர் யாரையும் கேட்காமல் மாற்றலாம், மாற்றியதற்காக அவரைக் கேள்வி கேட்கக் கூடாது, தயங்கியது ஏன் என்று மட்டுமே கேட்கலாம். ஆறு பேர் குழுவில் இதைச் செய்வது எளிது. அறுபது பேர் ஆன பிறகு செய்வது கடினம். இன்றைக்கே செய்துவிடுங்கள்.

தாமதத்துக்கு இன்னொரு வேர் பணம். மாதத்தில் 99.9 சதவீதம் சேவை தருவோம் என்று ஒப்பந்தம் செய்தால், 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் 12 விநாடி வரை தடைக்கு இடமுண்டு. 99.99 என்றால் 4 நிமிடம் 19 விநாடி. மேலே சொன்ன ஒப்புதல் வரிசை நகரும் நேரத்துக்குள் அந்த 4 நிமிடம் பல முறை கரைந்துவிடும். தாண்டினால் வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பித் தர வேண்டும். அந்தக் கணக்கைப் பக்கத்தின் நிறத்தோடு கட்டிவைத்தால் யாருமே சிவப்பைத் தொட மாட்டார்கள். ஒப்பந்தக் கணக்குக்குக் கண்காணிப்புப் பதிவுகளை வைத்துக்கொள்ளுங்கள். நிலவரப் பக்கம் தகவல் சொல்வதற்கு. அதைப் பில் போடப் பயன்படுத்தமாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

ஜனவரி 12, பிற்பகல்

"பொய் எச்சரிக்கையாக இருந்தால்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பத்து நிமிடம் கழித்து, "ஆராய்ந்தோம், பாதிப்பு இல்லை, எங்கள் கண்காணிப்புக் கருவியில்தான் கோளாறு" என்று எழுதி மூடிவிடுங்கள். அதைப் படித்துக் கோபப்பட்ட வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. கவனமாக இருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

ஜனவரி 15

வாசகம் பற்றிச் சிலர் தனியே கேட்டார்கள். பெரும்பாலான பக்கங்களில் நான்கு கட்டங்கள் இருக்கும்: ஆராய்கிறோம், காரணம் தெரிந்தது, கண்காணிக்கிறோம், தீர்ந்தது. இந்த அமைப்பு நல்லதுதான். ஆனால் கட்டத்தின் பெயரை மட்டும் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பவர்கள் அதிகம். "இதை ஆராய்ந்துவருகிறோம். சிரமத்துக்கு வருந்துகிறோம்." இதில் எந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது?

முதல் அறிவிப்பை நான் எழுதினால் இப்படி இருக்கும்: "காலை 10:05 முதல் புதிய ரசீதுகளைச் சேமிக்க முடியவில்லை. பழைய ரசீதுகளைப் பார்க்கலாம், அச்சிடலாம். ஏற்கெனவே சேமித்தவற்றுக்குப் பாதிப்பு இல்லை. காரணம் இன்னும் தெரியவில்லை. அடுத்த தகவல் 10:45-க்கு." எழுத இரண்டு நிமிடம் போதும். காரணம் தெரியவில்லை என்று சொல்ல அஞ்ச வேண்டாம். முதல் பத்து நிமிடத்தில் காரணம் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கடைசி வரிதான் இதில் உயிர். தாமதமான பேருந்துக்காக நிற்பவர்களைப் பாருங்கள். எப்போது வரும் என்று தெரியாவிட்டாலும், அடுத்த அறிவிப்பு எப்போது என்று தெரிந்தால் உட்கார்ந்துவிடுவார்கள். அதுவும் தெரியாதபோதுதான் விசாரணைச் சாளரத்தை முற்றுகையிடுவார்கள். 10:45 என்று சொன்னால் 10:45-க்கு எழுதுங்கள். புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்றால், "இன்னும் ஆராய்கிறோம், தரவுத்தளத்தின் முதன்மைப் பிரதியைச் சோதித்தாகிவிட்டது, அங்கே பழுதில்லை, அடுத்த தகவல் 11:15-க்கு" என்று எழுதுங்கள். அதற்கும் மதிப்புண்டு.

எப்போது சரியாகும் என்ற மதிப்பீட்டில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 2018 அக்டோபர் 21 அன்று, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் 43 விநாடி நேரம் வலையிணைப்பு அறுந்தது. அந்த 43 விநாடியில் இரு தரவு மையங்களின் தரவுத்தளங்களும் ஒன்றிடம் இல்லாத பதிவுகளை மற்றொன்று ஏற்றுக்கொண்டுவிட்டன. ஒழுங்கு செய்து முடிக்க 24 மணி 11 நிமிடம் ஆனது. இடையே பல முறை நேர மதிப்பீடு வெளியிட்டார்கள். எல்லாக் காரணிகளையும் அவற்றில் கணக்கில் எடுக்கவில்லை என்று பிறகு வெளிப்படையாக எழுதி வருத்தம் தெரிவித்தார்கள். அவ்வளவு திறமைசாலிகளுக்கே கணிக்க முடியவில்லை. அடுத்த தகவலுக்கு நேரம் குறியுங்கள். தீர்வுக்கு நேரம் குறிப்பது, காப்புப் பிரதியிலிருந்து மீட்பது போல அளந்து பார்க்கக்கூடிய வேலைகளுக்கு மட்டும்.

ஜனவரி 16

நேரத்தை எழுதும்போது நேர மண்டலத்தையும் எழுதுங்கள். வாடிக்கையாளர் பல நாடுகளில் இருந்தால் யூடிசி (உலகப் பொது) நேரம் ஒன்றும், பார்ப்பவரின் உள்ளூர் நேரம் ஒன்றும். தேதியில் மாதத்தை எழுத்தால் குறிப்பது நல்லது. 03/04 என்றால் மார்ச்சா ஏப்ரலா என்று நாட்டுக்கு நாடு வேறுபடும்.

ஜனவரி 19

சேவையை எத்தனை பகுதிகளாகப் பிரித்துக் காட்டுவது என்று கேள்வி கேட்டவர் திரும்ப வந்து கேட்கிறார். அவர் அனுப்பிய வரைவில் இருபதுக்கும் மேற்பட்ட வரிகள் இருக்கின்றன: வரிசை மேலாளர், தேடல் குறியீட்டகம், பணிச் செயலி 1, பணிச் செயலி 2... இவை உங்கள் கட்டமைப்பின் படம். ரசீது போடுபவருக்குப் பணிச் செயலி 2 யார் என்று தெரியாது. அவர் செய்யும் செயல்களாகப் பிரியுங்கள்: உள்நுழைவு, ரசீது போடுதல், ரசீதை மின்னஞ்சலில் அனுப்புதல், அறிக்கைகள், கைபேசிச் செயலி, பிற மென்பொருள்கள் உங்கள் சேவையோடு இணையும் வழியான ஏபிஐ. ஆறு ஏழு வரி போதும்.

மறுபுறம், ஒரே ஒரு விளக்காகவும் சுருக்கிவிடாதீர்கள். நான் மேலே சொன்ன அதே கிட்ஹப் சம்பவத்துக்கு முன்பு அவர்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று முழுத் தளத்துக்கும் ஒரே நிலையைக் காட்டிவந்தார்கள். தளத்தின் எந்தப் பகுதி வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்பதை அது காட்டவில்லை என்று அந்த அறிக்கையிலேயே ஒப்புக்கொண்டு, பகுதி வாரியாகக் காட்டும் முறைக்கு மாறினார்கள்.

பகுதிகளாகப் பிரித்தும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. 2022 ஏப்ரல் 5 அன்று, குழுக்களின் பணிகளை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் தரும் அட்லாசியன் நிறுவனத்தில், பழைய செயலி ஒன்றை நீக்க வேண்டிய நிரலுக்குத் தவறான அடையாள எண்கள் தரப்பட்டதால் வாடிக்கையாளர்களின் தளங்களே நீக்கப்பட்டன. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் 775 பேர். சிலருக்கு மீள 14 நாள் வரை ஆனது. அந்த நிறுவனத்தின் மொத்த வாடிக்கையாளர்களோடு பார்த்தால் இது மிகச் சிறிய பங்கு. பகுதி வாரி விளக்கில் இதை எந்த நிறத்தில் காட்டுவீர்கள்? பெரும்பாலோருக்குப் பச்சை என்பது உண்மை. 775 பேருக்கு எல்லாமே போனதும் உண்மை. அதைவிடக் கொடுமை, நீக்கப்பட்ட தரவுகளோடு அவர்களைத் தொடர்புகொள்ளும் விவரங்களும் போய்விட்டன. உதவி கேட்டு விண்ணப்பிக்கவே தளத்தின் முகவரி தேவைப்பட்டது. அந்தத் தளம்தான் இல்லையே.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை இரண்டு. வாடிக்கையாளர் தொடர்பு விவரங்களின் ஒரு பிரதி, சேவைத் தரவுத்தளத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அடுத்து, சிலருக்கு மட்டும் முழு முடக்கம் என்றால், அவர்களுக்கு ஒரு மனிதர் நேரடியாக எழுத வேண்டும், பொதுப் பக்கத்திலும், "சிறு பங்கு வாடிக்கையாளர்களால் தங்கள் தரவை அறவே அணுக முடியவில்லை, அவர்களை நேரில் தொடர்புகொள்கிறோம்" என்று மறைக்காமல் போட வேண்டும். பங்கு சிறிது என்று எழுதினால், அந்தச் சிலருக்குப் பாதிப்பு எவ்வளவு பெரிது என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.

ஜனவரி 20

சின்னச் சின்ன விஷயங்கள். நிறத்தை மட்டும் நம்பி நிலையைச் சொல்லாதீர்கள். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறைபாடு உண்டு. மற்ற மக்களிடையே சற்றுக் குறைவு என்றாலும் இல்லாமல் இல்லை. நிறத்தோடு ஒரு சொல்லும் ஒரு குறியும் இருக்கட்டும்.

பக்கம் இலேசாக இருக்கட்டும். சாதாரண நாளில் சீந்துவாரில்லாத அந்தப் பக்கத்துக்கு, முடக்கம் வந்த சில நிமிடங்களில் உங்கள் வாடிக்கையாளர்கள் அனைவரும் வருவார்கள், நிமிடத்துக்கு ஒரு முறை புதுப்பித்தும் பார்ப்பார்கள். தரவுத்தளம் தேவைப்படாத நிலையான எச்டிஎம்எல் கோப்பே போதும். கைபேசியில், மந்தமான இணைப்பில் திறந்து பாருங்கள்.

மின்னஞ்சல் சந்தா, ஆர்எஸ்எஸ் ஓடை (புதிய பதிவுகளைத் தானாகக் கொண்டுவந்து தரும் வசதி) இரண்டும் வையுங்கள். பகுதி வாரியாகச் சந்தா சேர முடிந்தால் நல்லது. ஏபிஐ கோளாறுக்காக ரசீது போடுபவரை நள்ளிரவில் எழுப்ப வேண்டியதில்லை. சேவைக்குள் பிழைச் செய்தி வரும் இடங்களிலும் நிலவரப் பக்கத்தின் இணைப்பைக் கொடுங்கள். பக்கம் இருப்பதே தெரியாதவர் அதை எப்படித் தேடுவார்?

ஜனவரி 24

முதல் நாள் எழுதியதை மறுபடி படித்தேன். தனிச் சர்வர், தனி டொமைன் என்று எழுதிய இடத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

2025 நவம்பர் 18 அன்று, பல இணையத்தளங்களுக்கு முன்னால் நின்று வேகமும் பாதுகாப்பும் தரும் கிளவுட்ஃபிளேர் முடங்கியது நினைவிருக்கும். தரவுத்தள அனுமதியில் செய்த ஒரு மாற்றத்தால், தானியங்கி நிரல்களை இனம் காணும் அமைப்பின் கோப்பு இரு மடங்காகப் பெருத்தது. அதைப் படிக்கும் மென்பொருளில் அளவுக்கு வரம்பு இருந்ததால் அது உடைந்தது. அவர்களுடைய நிலவரப் பக்கம் எல்லோரும் பரிந்துரைக்கும்படியே முழுக்க வெளியே, அவர்களுடைய கட்டமைப்பைச் சாராமல் இருந்தது. அப்படியிருந்தும் அதே நேரத்தில் அதுவும் விழுந்தது. தற்செயல்தான் என்று பின்னர் தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் பொறியாளர்களில் சிலர், சம்பந்தமே இல்லாத இரண்டும் ஒன்றாக விழுகிறதென்றால் யாரோ தாக்குகிறார்கள் என்று ஐயப்பட்டார்கள். இதை அவர்களே தங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே வெளியே வைப்பது தேவை. அதோடு நிறைவடைந்துவிட முடியாது. முதல் வழி அடைபட்டால் எந்த இரண்டாம் வழியில் சொல்வீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்து, பக்கத்தின் அடியில் எழுதிவையுங்கள்: "இந்தப் பக்கம் திறக்காவிட்டால் இன்ன சமூக ஊடகக் கணக்கைப் பாருங்கள்." அந்தக் கணக்கின் கடவுச்சொல் ஊர்சுற்றப் போயிருக்கும் ஒரே ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. நிலவரப் பக்கத்தையும் வேறு ஒரு நிரல் வெளியிலிருந்து கண்காணிக்கட்டும். ஆனால் அது விழுந்ததை மூலக் கோளாறுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிப்ரவரி 2

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: பக்கம் வெளியாகிவிட்டது, முதல் முடக்கமும் வந்துவிட்டது. பணியில் இருந்தவர் யாரையும் கேட்காமல் ஆறாவது நிமிடத்தில் அறிவிப்பை ஏற்றியிருக்கிறார். அழைப்புகள் வெகுவாகக் குறைந்தன என்கிறார். படித்ததும் மிகவும் மகிழ்ந்தேன்.

அவர் இப்போது கேட்பது: தீர்ந்த பிறகு அந்தப் பதிவை எவ்வளவு நாள் வைத்திருப்பது? புதிய வாடிக்கையாளர்கள் பார்த்தால் தயங்குவார்களே, நீக்கிவிடலாமா என்று குழுவில் பேச்சாம்.

நீக்காதீர்கள். சேவை வாங்க நினைக்கும் கவனமான ஆள் முதலில் பார்ப்பது அந்தப் பழைய பதிவுகளைத்தான். இரண்டு ஆண்டாக ஒரு கீறலும் இல்லாத பக்கத்தைப் பார்த்தால் நான் அந்தச் சேவையை வாங்க மாட்டேன். விழாத சேவை இல்லை, அப்படியானால் இவர்கள் சொல்வதில்லை. எப்போது கண்டுபிடித்தார்கள், எப்போது சொன்னார்கள், மறுபடி அதே கோளாறு வந்ததா என்பதையெல்லாம் அந்தப் பதிவுகளிலிருந்து படிக்கலாம்.

பெரிய முடக்கமென்றால் சில நாட்களுக்குள் ஒரு பின்னாய்வு அறிக்கையும் அங்கேயே இருக்கட்டும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், எதை மாற்றுகிறோம். தனி மனிதர் பெயர் வேண்டாம். எந்த ஓட்டை வழியாக அந்தத் தவறு நுழைய முடிந்தது என்று எழுதுங்கள். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் 27 நிமிடம் படுத்தது. ஒரு தேடல் வடிவத்தை (உரையில் எதைத் தேட வேண்டும் என்று சொல்லும் விதியை) மோசமாக எழுதியதால் எல்லாச் சர்வர்களின் மையச் செயலகங்களும் (சிபியு) அதிலேயே திணறின. அந்த வடிவம் எப்படி அடுக்கடுக்காகத் திரும்பத் திரும்பத் தேடியது என்பதைப் படிப்படியாக விளக்கி நீண்ட அறிக்கை வெளியிட்டார்கள். பொறியாளர்கள் அதைப் பாடமாகவே படிக்கிறார்கள்.

இன்னும் துணிச்சலான எடுத்துக்காட்டு, கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேப். 2017 ஜனவரி 31 அன்று தவறான சர்வரில் தரவுத்தளத்தை நீக்கிவிட்டார்கள். காப்புப் பிரதிகள் பல வகைகளில் இருந்தும் கைகொடுக்கவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துத் தரவு திரும்பவே இல்லை. அந்த நெருக்கடியின் நடுவிலேயே தங்கள் பணிக்குறிப்பை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைத்தார்கள்; மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பாதுகாப்புக் கோளாறு என்றால் செய்யவே கூடாது. ஓட்டையை அடைக்கும் முன் அதன் இடத்தைச் சொல்வது வாடிக்கையாளரைத்தான் காயப்படுத்தும். ஆனால் போட்டியாளர் படம் பிடித்துக் காட்டுவார் என்று அஞ்சும் உங்கள் குழு நண்பருக்கு இந்தச் செய்தியைக் கொடுங்கள். தரவை இழந்து, அதை நேரலையில் காட்டிய நிறுவனம் அதற்குப் பிறகும் வளர்ந்து 2021-ல் பங்குச் சந்தைக்கு வந்தது.

பிப்ரவரி 3

திட்டமிட்ட பராமரிப்பைப் பற்றி எழுத மறந்துபோகாமல்: முன்கூட்டியே போடுங்கள், தொடக்கமும் முடிவும் சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்குள் முடியாவிட்டால் அதைப் பராமரிப்பு என்ற பெயரில் நீட்டிக்கொண்டே போகாமல் முடக்கம் என்று மாற்றுங்கள். முதல் அறிவிப்புக்கான மாதிரி வாசகங்களை, நேரத்தையும் பகுதியையும் மட்டும் நிரப்பினால் போதும் என்ற அளவில் இப்போதே எழுதிவையுங்கள். தூக்கக் கலக்கத்தில் எழுந்த ஒருவர் வெற்றுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

கூடவே, குழுவில் புதிதாகச் சேர்பவர் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே அந்தக் கருவியில் ஒரு பயிற்சி அறிவிப்பை ஏற்றி இறக்கட்டும். பொதுப் பக்கத்தில் வேண்டாம், அதன் சோதனைப் பிரதியில் போதும். உள்நுழைவு அவருக்கு வேலை செய்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.